உணவு ஒவ்வாமையும் இரத்தப் பரிசோதனையும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை, நமது சங்கத்தின் நெசவாள அங்கத்தினர் ஒருவர் கையில் மடித்த காகிதத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். சிறு கடன் வேண்டுமென்பது அவர் கோரிக்கை. எதன் பொருட்டு என்று காரியதரிசி வினவவே, அக்காகிதத்தை விரித்து மேசைமீது வைத்தார். அது அவருடைய எட்டு வயது மகளின் இரத்தத்தைச் சோதித்து ஒரு தனியார் சோதனைக்கூடம் அளித்த அறிக்கை. நூற்றுக்கு மேற்பட்ட உணவுப் பொருள்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு நிறம் இடப்பட்டிருந்தது. பசும்பால், தயிர், முட்டை, கோதுமை, நிலக்கடலை, துவரம்பருப்பு, பூண்டு ஆகிய ஏழும் சிவப்பில் இருந்தன.

“சிவப்பா இருக்கிறதையெல்லாம் பிள்ளைக்கு நிறுத்திட்டோமுங்க. ஆனாலும் நாளுக்கு நாள் வாடிக்கிட்டேதான் போகுது. இன்னும் பெரிய சோதனையா ஒண்ணு எடுத்துப் பார்க்கணும்னு சொல்றாங்க” என்றார் அவர்.

முதற் சோதனைக்கு அவர் செலுத்திய கட்டணம், ஒரு பாவு முழுவதையும் நெய்து கொடுத்தால் கிடைக்கும் கூலியையும் மிஞ்சியது. வயிற்று வலி, சோர்வு என்று அடிக்கடி பள்ளிக்குச் செல்லாமல் படுத்துக்கொண்ட குழந்தைக்காக அவர் அத்தொகையைக் கொடுத்தார். எந்தத் தகப்பனும் அதையே செய்திருப்பான். காரியதரிசி கடனை மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது சோதனைக்குச் செல்லுமுன் குழந்தையை அரசினர் மருத்துவமனையில் குழந்தை வைத்தியரிடம் ஒருமுறை காட்டுமாறு கேட்டுக்கொண்டார். அங்கே அறியப்பட்டது யாது என்பதை இக்கட்டுரையின் இறுதியில் கூறுவோம்.

அன்று முதல் இன்று வரை இதே போன்ற அறிக்கைகளை வேறு சில அங்கத்தினர்களும் நம்மிடம் காட்டி, இதை நம்பலாமா என்று வினவியிருக்கின்றனர். நாம் வைத்தியர்கள் அல்லோம். எனினும், உணவு ஒவ்வாமை குறித்து மருத்துவ உலகம் கண்டறிந்து உறுதி செய்துள்ளவற்றை எளிய முறையில் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது இவ்விதழின் கடமை எனக் கருதுகிறோம். ஒரு குடும்பத்தின் கூலிப் பணமும் ஒரு குழந்தையின் உணவுத் தட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஒரே சொல், பல துன்பங்கள்

‘இந்த உணவு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாம் சாதாரணமாகக் கூறுகிறோம். இந்த ஒரே வாக்கியத்துக்குள் வெவ்வேறான மூன்று துன்பங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்து அறியாதவரை, எந்தப் பரிசோதனையாலும் பயனில்லை.

முதலாவது, உண்மையான ஒவ்வாமை. நிலக்கடலையையோ இறாலையோ உண்ட சில நிமிடங்களுக்குள், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள், உடல் முழுதும் தடிப்பு எழும், உதடும் நாவும் வீங்கும், வாந்தி வரும், மூச்சுத் திணறும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

இரண்டாவது, ‘சீலியாக்’ எனப்படும் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள ‘குளூட்டன்’ என்னும் புரதம் சிலருடைய சிறுகுடலின் உட்சுவரை நாளடைவில் அழித்துவிடுகிறது. உண்டவுடன் எதுவும் தோன்றாது. மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, இளைப்பு, இரத்தசோகை, குழந்தைகளாயின் வளர்ச்சிக் குறைவு என்று அது வெளிப்படும்.

மூன்றாவது, செரிக்கும் ஆற்றலின் குறைவு. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிப்பதற்கு வேண்டிய நொதி, தாய்ப்பால் குடிக்கும் பருவத்துக்குப் பின் பெரும்பாலான மனிதரின் குடலில் குறைந்துவிடுகிறது. அத்தகையோர் ஒரு பெரிய டம்ளர் பாலை வெறும் வயிற்றில் அருந்தினால் வயிறு உப்பி வலிக்கும். ஆனால் அவர்களே தயிரையும் மோரையும் தொல்லையின்றி உண்பர். இது நோயும் அன்று, ஒவ்வாமையும் அன்று. இதனை அறிய, பாற்சர்க்கரையைக் கொடுத்து, வெளிவரும் மூச்சில் உள்ள ஹைட்ரஜனை அளக்கும் முறை உண்டு.

வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள் ஆகியவற்றில் உள்ள சிலவகை மாவுப்பொருள்களும் இவ்வாறே குடலில் புளித்து, உணர்ச்சி மிகுந்த வயிறுடையோருக்கு உப்பலையும் வலியையும் உண்டாக்கும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் 2005 முதல் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். இதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

தன் உடலில் ஏற்றிக்கொண்ட இரத்தநீர்

உணவு ஒவ்வாமையின் காரணம் இரத்தத்தில் இருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் இருவர். அக்காலத்தில் ஜெர்மனிக்கு உரியதாய் இருந்து, இன்று விரோத்ஸ்வாப் என்னும் பெயரில் போலந்து நாட்டில் உள்ள பிரெஸ்லௌ நகரில் கார்ல் பிராஸ்நிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்னும் மருத்துவர்கள் ஒன்றாகப் பணியாற்றினர். கூஸ்ட்னருக்கு சமைத்த மீன் ஆகாது. பிராஸ்நிட்ஸுக்கு மீனால் ஒரு தீங்கும் இல்லை. கூஸ்ட்னரின் இரத்தநீரைச் சிறிது எடுத்து, பிராஸ்நிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும், அங்கே தடிப்பு எழுந்தது. மீனால் துன்புறும் தன்மை, இரத்தநீர் வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவரின் தோலுக்குச் சென்றுவிட்டது! 1921-ஆம் ஆண்டில் வெளியான இச்சோதனை, அரை நூற்றாண்டுக் காலம் ஒவ்வாமை ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது. ஒருவர் இரத்தத்தை மற்றவர்க்கு ஏற்றுவதால் மஞ்சள் காமாலை போன்ற நோய்கள் பரவக்கூடும் என்பதால் பின்னர் அம்முறை கைவிடப்பட்டது.

இரத்தநீரில் இருந்த அப்பொருள் யாது என்பது 1960-களின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. அமெரிக்காவில் டென்வர் நகரில் ஆராய்ந்த ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா ஆகியோரும், சுவீடனில் உப்சாலா நகரில் யோஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே அதனைக் கண்டனர். 1968-இல் அதற்கு ‘ஐஜிஇ’ என்று பெயரிடப்பட்டது. நோய்க் கிருமிகளையும் அந்நியப் பொருள்களையும் எதிர்ப்பதற்காக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களுள் இதுவும் ஒரு வகை. இன்று ஒவ்வாமை நிபுணர் ஒருவர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் இந்த ஐஜிஇ-யை அளப்பதற்காகவே எழுதுகிறார்.

இந்தச் சோதனையும் தனித்து நின்று தீர்ப்புக் கூறக்கூடியது அன்று என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் எட்டு வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நிலக்கடலைக்கு எதிரான ஐஜிஇ-யின் தடயம் உள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு 22 பேர் மட்டுமே உண்மையில் நிலக்கடலை ஆகாதவர்கள் என்று தெரிய வந்தது. மற்றவர்கள் இரத்தத்தில் தடயம் இருந்தும் கடலையை உண்டு நலமாக இருந்தனர். நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில் வயதுவந்தோரிடம் நடத்தப்பெற்று 2016-இல் வெளிவந்த ஆய்விலும் இதே நிலைமைதான். ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இரத்தத்தில் காணப்பட்டோர் 26 சதவிகிதத்துக்கும் சற்று அதிகம். உணவு ஒவ்வாமை உள்ளவர் என்று கருதத்தக்கோர் ஏறக்குறைய 1.2 சதவிகிதமே.

எனவே நல்ல வைத்தியர் முதலில் கேட்பது, ‘என்ன உண்டாய், எத்தனை நேரத்தில் என்ன நேர்ந்தது, மறுமுறை உண்டபோதும் அவ்வாறே நேர்ந்ததா?’ என்பதுதான். அந்த விடையால் ஐயம் எழுந்த உணவை மட்டுமே இரத்தத்திலோ தோலிலோ சோதிப்பார். விவசாயி மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகையில் எந்த வயல், என்ன பயிர் என்று குறிப்பெழுதி அனுப்புகிறார் அல்லவா? கேள்வி இல்லாமல் அனுப்பிய மண்ணுக்கு வரும் விடையால் பயிர் செய்ய முடியாது.

வாழைப்பழம் பெற்ற புகழ்

சீலியாக் நோயின் வரலாறு, உணவை விலக்கிப் பார்ப்போர் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று. 1924-இல் நியூயார்க் நகரில் சிட்னி ஹாஸ் என்னும் குழந்தை வைத்தியர், இந்நோயால் மெலிந்த குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொடுத்து, ரொட்டி முதலியவற்றை நிறுத்தினார். குழந்தைகள் தேறினர். வாழைப்பழத்தில் ஏதோ அரிய மருந்து இருப்பதாகவே பலரும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தனர். உண்மையில் அக்குழந்தைகளைக் காத்தது உள்ளே சென்ற பழம் அன்று. வெளியே நிறுத்தப்பட்ட கோதுமை. குணமாகிவிட்டது என்று மீண்டும் ரொட்டி உண்ணத் தொடங்கியோர் மீண்டும் நோயுற்றனர்.

கோதுமையே காரணம் என்று நிறுவியவர் நெதர்லாந்து நாட்டு வைத்தியர் வில்லெம் கரேல் டிக்கே. போருக்கு முன்பே அவருக்கு இந்த ஐயம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைப்பதே அரிதாயிற்று. ஊரெல்லாம் பட்டினியால் மெலிந்த காலத்தில், இந்நோயுள்ள குழந்தைகள் மட்டும் மோசமடையாமல் இருந்ததை அவர் கண்டார். போர் முடிந்து ரொட்டி வந்ததும் நோய் திரும்பியது. ஆயினும் டிக்கே இக்காட்சியோடு நின்றுவிடவில்லை. கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்தும், பலமுறை சோதித்த பின்பே 1950-இல் தம் முடிவை நூலாக வெளியிட்டார்.

இன்று சீலியாக் நோய்க்கு நம்பத்தக்க இரத்தப் பரிசோதனை இருக்கிறது. 1997-இல் பெர்லின் நகர ஆராய்ச்சியாளர் கண்ட ஓர் உண்மையை அடிப்படையாகக் கொண்டு, ‘திசு டிரான்ஸ்குளூட்டாமினேஸ்’ என்னும் நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளை இதில் அளக்கிறார்கள். தேவைப்படின் குடலின் உட்சுவரில் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்து உறுதி செய்கிறார்கள். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று விடை வரக்கூடும். ஆகவே ஐயமுள்ளோர் முதலில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; பிறகே உணவை மாற்ற வேண்டும்.

இந்தியாவில் 23,331 பேரிடம் இரத்தம் எடுத்து ஆராய்ந்து 2016-இல் வெளியான அறிக்கையின்படி, இந்த எதிர்ப்பொருள் வடபகுதியில் 1.23 சதவிகிதத்தினரிடமும், வடகிழக்கில் 0.87 சதவிகிதத்தினரிடமும், தென்பகுதியில் 0.10 சதவிகிதத்தினரிடமும் காணப்பட்டது. தென்னாட்டில் இந்நோய் அரிதே ஆயினும் இல்லாமல் இல்லை. நோய் உறுதியானாலும் நம் குடும்பங்கள் கலங்க வேண்டியதில்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை ஆகியவற்றில் குளூட்டன் கிடையாது.

நிறப் பட்டியல் எதை அளக்கிறது?

இனி, அந்த அங்கத்தினர் கொண்டுவந்த அறிக்கைக்கு வருவோம். அது ஐஜிஇ-யை அளந்ததும் அன்று. சீலியாக் நோயைச் சோதித்ததும் அன்று. அறிக்கையின் அடியில் சிற்றெழுத்தில் ‘ஐஜிஜி’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அது மற்றொரு வகை எதிர்ப்பொருள். நாம் உண்ணும் உணவின் புரதத்தில் மிகச் சிறு பகுதி செரிக்காமலே இரத்தத்தில் சேர்கிறது. உடல் அதனை அறிந்துகொண்டு ஐஜிஜி-யை உண்டாக்கி வைக்கிறது. ஆரோக்கியமாக உள்ள மனிதரின் இரத்தத்திலும் இது இயல்பாகவே காணப்படும். எந்த உணவை அடிக்கடி உண்கிறோமோ அதற்கு எதிரான ஐஜிஜி மிகுந்திருத்தல் இயற்கை.

நமது சங்கத்தில் நூல் வழங்கும் பதிவேடு ஒன்று இருக்கிறது. இன்ன தறிக்கு இன்ன நாளில் இத்தனை கிலோ நூல் சென்றது என்று அதில் எழுதியிருக்கும். அப்பதிவேட்டை மட்டும் பார்த்து, எந்தச் சேலையில் இழை பழுது என்று கூற இயலுமா? அதிக நூல் வாங்கிய தறியே பழுதுள்ள தறி என்று தீர்ப்பளித்தால், ஓயாமல் உழைக்கும் நெசவாளரே முதற் குற்றவாளி ஆவார். ஐஜிஜி பட்டியலின் நிலையும் இதுவே. அந்தக் குழந்தையின் அறிக்கையில் சிவப்பிலிருந்த ஏழும் அவ்வீட்டில் அடிக்கடி உண்ணப்பட்டவை. பச்சையிலிருந்தவற்றுள் சால்மன் மீன், புளூபெர்ரி முதலிய பல, அவர்கள் கண்ணாலும் காணாதவை.

இதனாலேயே ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-இல், உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஜி பரிசோதனையைப் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. உணவுக்கு எதிரான ‘ஐஜிஜி4’ காணப்படுவது அவ்வுணவை உடல் ஏற்றுப் பழகியிருப்பதன் அறிகுறியே என்றும் அது கூறியது. அமெரிக்க நிபுணர் சங்கத்தினர் 2010-இல் அதனை ஆதரித்தனர். 2012-இல் கனடா நாட்டு நிபுணர் சங்கத்தினரும் அதே அபிப்பிராயத்தை வெளியிட்டனர்.

மாற்றுக் கருத்தையும் கூறுவது நேர்மை. 2004-இல் மான்செஸ்டர் நகரில் நெடுநாள் வயிற்றுத் தொல்லையுள்ள 150 பேரிடம் ஐஜிஜி பட்டியலைக் கொண்டு சோதனை நடந்தது. உண்மைப் பட்டியலின்படி உணவை விலக்கியோர், பொய்ப் பட்டியலின்படி விலக்கியோரைவிடச் சிறிதளவு அதிக நலம் பெற்றனர். ஆனால் உண்மைப் பட்டியலாருக்குப் பால், கோதுமை, முட்டை ஆகியவை மிகுதியாக விலக்கப்பட்டிருந்தன. பொய்ப் பட்டியலாருக்கு வேறு பொருள்கள் விலக்கப்பட்டிருந்தன. பாலையும் கோதுமையையும் குறைத்தாலே அத்தகைய வயிறுகளுக்குச் சற்று இதமாக இருக்கும் என்பதால், நன்மை பட்டியலால் வந்ததா என்று பிற நிபுணர்கள் கேட்டனர். வாழைப்பழத்தின் கதை இங்கே நினைவுக்கு வருகிறதல்லவா? 2025-இல் அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆய்வும் இதே வயிற்று நோயுள்ள வயதுவந்தோருக்குச் சிறிது நன்மை காட்டியிருக்கிறது, ஆராய்ச்சி தொடர்கிறது. எவ்வாறாயினும், ஒரு குறிப்பிட்ட நோயுள்ள பெரியவர்களிடம் நிபுணர் மேற்பார்வையில் நடக்கும் ஆராய்ச்சி வேறு. வளரும் குழந்தையின் தட்டிலிருந்து ஏழு உணவுகளை ஒரே நாளில் எடுத்துவிடச் சொல்லும் நிறப் பட்டியல் வேறு.

நிலக்கடலை கற்பித்த பாடம்

நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இச்செய்தி சிறப்பாகச் சுவைக்கும். மேல்நாடுகளில் குழந்தைகளிடையே நிலக்கடலை ஒவ்வாமை பெருகியது. அதற்கு அஞ்சி, ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலையே கொடுக்கலாகாது என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் அறிவுரை கூறியது. 2008-இல் அவ்வறிவுரை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில், இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளிடம் காணப்படும் கடலை ஒவ்வாமை, சிறுவயதிலேயே கடலைத் தின்பண்டம் உண்ணும் இஸ்ரேல் நாட்டுக் குழந்தைகளிடம் காணப்படுவதைப் போல் ஏறக்குறையப் பத்து மடங்கு என்று ஓர் ஆய்வு தெரிவித்தது.

இதனைச் சோதிக்க லண்டனில் கிடியன் லாக் என்னும் மருத்துவரின் தலைமையில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு பகுதியார் நிலக்கடலை உணவை ஒழுங்காக உண்டனர். மறு பகுதியார் அறவே விலக்கினர். ஐந்தாம் வயதில் பார்த்தபோது, விலக்கியோருள் 17.2 சதவிகிதத்தினருக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது, உண்டோருள் 3.2 சதவிகிதத்தினருக்கே இருந்தது. 2015-இல் இம்முடிவு வெளிவந்தது. இதில் நம் பொருளுக்கு முக்கியமான மற்றொரு செய்தி உண்டு: கடலையை உண்டு நலமாக இருந்த குழந்தைகளின் இரத்தத்தில்தான் கடலைக்கு எதிரான ஐஜிஜி4 மிகுதியாக உயர்ந்திருந்தது! நிறப் பட்டியல் எதைக் கண்டு அஞ்சச் சொல்கிறதோ, அது இக்குழந்தைகளிடம் கடலை உண்டதன் அடையாளமாகவே இருந்தது.

ஆகவே காரணமின்றி உணவை விலக்குதல் தீங்கற்ற செயல் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வாமைத் தன்மையுள்ள குழந்தைகள் ஓர் உணவை நெடுநாள் விலக்கிப் பின்பு உண்கையில் கடுமையான ஒவ்வாமை புதிதாகத் தோன்றியதும் உண்டு. கைக்குழந்தைக்குக் கடலை கொடுப்போர் முழுப் பருப்பாகக் கொடாமல், நன்கு அரைத்துக் குழைத்தே கொடுக்க வேண்டும். முழுப் பருப்பு மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தையாயின் முதலில் வைத்தியரைக் கேட்டல் அவசியம்.

வீட்டில் செய்யத்தக்கது

ஓர் உணவின்மேல் ஐயம் எழுந்தால் செய்யத்தக்க முறை எளியது, செலவும் இல்லை.

முதலில் இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில், உண்டது யாது, எந்நேரத்தில், தொல்லை தோன்றியது எப்போது என்று நாள்தோறும் எழுதிவர வேண்டும். கூலிக் கணக்கு எழுதும் சிரத்தையோடு இதனையும் எழுதினால், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவதாக, அப்புத்தகத்தோடு வைத்தியரைக் காண வேண்டும். சீலியாக் நோயின் ஐயம் இருந்தால் உணவை நிறுத்துமுன் அதற்குரிய இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, வைத்தியரின் யோசனைப்படி ஒரே ஓர் உணவை மட்டும் சில வாரங்களுக்கு நிறுத்திப் பார்க்கலாம். தொல்லை குறையாவிட்டால் அவ்வுணவு நிரபராதி. உடனே தட்டுக்குத் திரும்ப வேண்டும். தொல்லை குறைந்தாலும் வழக்கு முடிந்துவிடவில்லை. அதே உணவை மீண்டும் உண்டு, தொல்லை மீள்கிறதா என்று பார்த்தால்தான் குற்றம் உறுதியாகும். டிக்கே செய்ததும் இதுவே. பலரும் முதற்பாதியைச் செய்துவிட்டுப் பின்பாதியை மறந்துவிடுகின்றனர்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திக் கூறுகிறோம். உண்டவுடன் முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை ஒருமுறையேனும் நேர்ந்திருந்தால், அவ்வுணவை வீட்டில் மீண்டும் உண்டு சோதிக்கவே கூடாது. மருத்துவமனையில் வைத்தியரின் முன்னிலையில் மட்டுமே அச்சோதனை நடைபெற வேண்டும். அத்தகைய நிலை திடீரென நேரின் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தொடையில் ஏற்றப்படும் அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும் மருந்து.

பண்டம் செய்து விற்கும் அங்கத்தினர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பால், முட்டை, மீன், நிலக்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா, குளூட்டன் உள்ள தானியம் முதலியவை சேர்ந்த பண்டங்களின் உறைமீது அதனைக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எங்கோ ஒரு குழந்தைக்குக் கடலை உண்மையாகவே நஞ்சாக இருக்கலாம். நம் கடலை மிட்டாயின் உறையில் உள்ள ஒரு வரி அக்குழந்தையைக் காக்கும்.

அந்தக் குழந்தை

அரசினர் மருத்துவமனையின் குழந்தை வைத்தியர் நிறப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு பக்கமாக வைத்தார். குழந்தையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்; எடை பார்த்தார்; பள்ளிக்குச் செல்லுமுன் என்ன உண்கிறாள் என்று தாயிடம் கேட்டார். பிறகு ஒரு சிறு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் செய்யப்படும் ஹீமோகுளோபின் பரிசோதனைதான் அது. குழந்தைக்குக் கடுமையான இரத்தசோகை இருந்தது. சோர்வுக்கு அதுவே காரணம். பருப்பும் முட்டையும் கடலையும் நிறுத்தப்பட்ட மாதங்களில் அது மேலும் முற்றியிருந்தது. காலையில் வெறும் வயிற்றில் கட்டாயப்படுத்திக் கொடுக்கப்பட்ட பெரிய டம்ளர் பாலே முன்பிருந்த வயிற்று வலிக்குக் காரணம் என்பது, உணவுகளை ஒவ்வொன்றாக மீட்டபோது தெரிந்தது. தயிர் உண்டபோது வலி இல்லை. சிறிதளவு பாலை உணவோடு அருந்தியபோதும் வலி இல்லை. மற்ற ஆறு உணவுகளாலும் ஒரு தீங்கும் நேரவில்லை.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 67 சதவிகிதத்தினருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 சதவிகிதத்தினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. நம் வீடுகளில் காணும் சோர்வுக்கும் தலைச்சுற்றலுக்கும் எந்த உணவு மிகுந்தது என்று தேடுமுன், எந்த உணவு குறைந்தது என்று பார்ப்பதே பெரும்பாலும் முறையாகும்.

இரும்புச் சத்து மருந்தும் பழைய உணவும் சேர்ந்து, தைப் பொங்கலுக்குள் குழந்தை தேறத் தொடங்கினாள். கேட்ட கடனைத் தகப்பனார் பெற்றுக்கொள்ளவில்லை. அதற்குத் தேவை எழவில்லை. முதற் சோதனைக்குக் கொடுத்த பணம் போனது போனதே. அந்தப் பட்டியலைப் பிற அங்கத்தினர்களும் பார்த்துத் தெளியட்டும் என்று அவரே நம்மிடம் விட்டுச் சென்றார். பெயரையும் முகவரியையும் மறைத்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். இத்தகைய பரிசோதனைக்குப் பணம் கட்ட எண்ணும் அங்கத்தினர் எவரும், கட்டுமுன் ஒருமுறை வந்து அதனைப் பார்த்து, காரியதரிசியுடன் கலந்து பேசிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.